மே 1 கிராம சபையில் எதற்குக் கை தூக்கப் போகிறோம்?

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் மூன்று மாதமாக ஒரே பேச்சு. டீக்கடை, ரேஷன் வரிசை, கல்யாணப் பந்தி என்று எங்கே நாலு பேர் கூடினாலும், "இந்த வடநாட்டு ஆட்களை என்ன செய்வது" என்பதில்தான் போய் முடிகிறது. வருகிற மே 1 கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். என்ன தீர்மானம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெளியாட்களை வைக்கவே கூடாது என்று சிலர். முக்கால் பங்கு வேலை உள்ளூர்க்காரர்களுக்கே என்று சிலர். வருகிறவர்கள் பாஸ் வாங்கிப் பதிவு செய்யட்டும், வெளியாள் வைக்கிறவர் தலைக்கு இவ்வளவு என்று ஊருக்குக் கட்டட்டும், யார் பறித்தாலும் ஒரே கூலி என்று எழுதிப் போடலாம் என்று இன்னும் சில யோசனைகள். எதுவும் வேண்டாம், நடக்கிறபடி நடக்கட்டும் என்பவர்களும் உண்டு.

நான் எங்கே நிற்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேயிலை இருக்கிறது. ஆள் வைத்துத்தான் பறிக்கிறேன், அதில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பமும் உண்டு. என் அம்மா முப்பது வருஷம் அடுத்தவர் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், இன்றைக்கும் கூப்பிட்டால் போகிறவர். கூலி கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதனால் இந்த விஷயத்தில் ஒரு பக்கமாக மட்டும் பேச எனக்கு வரவில்லை.

முதலில் வெளியாட்களே வேண்டாம் என்ற யோசனை. இதற்குத்தான் ஊரில் கைதட்டல் அதிகம். அதைச் சொல்கிறவர்களை மோசமானவர்கள் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை, ஏனென்றால் அவர்கள் சொல்கிற வலி உண்மையானது. அம்மாவுடைய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் ஆள் சேர்க்கிற மேஸ்திரி முந்தின நாள் சாயங்காலம் லைனுக்கு, அதாவது எங்கள் தொழிலாளர் குடியிருப்புக்கு, வந்து கூப்பிடுவார், கூலி போதாது என்றால் அம்மாவும் கூட இருக்கும் பெண்களும் "நாளைக்கு வேறு தோட்டத்துக்குப் போகிறோம்" என்பார்கள், அவர் போய் முதலாளியிடம் பேசிவிட்டு மறுபடி வருவார். கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் மத்தியானம் டீயும் பன்னுமாவது கிடைக்கும். இப்போது அதே பேச்சைப் பேசினால் "வந்தால் வாங்க, இல்லாவிட்டால் ஜீப்பில் ஆள் வருது" என்று பதில். கூலி குறைந்ததா என்று கேட்டால் குறையவில்லை. ஏறவும் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே நின்று கேட்கிற தைரியம் போய்விட்டது. அறுபது வயதை நெருங்குகிற, நிலம் இல்லாத, வேறு வேலை தெரியாத பெண்களுக்கு இதை விடப் பெரிய நஷ்டம் என்ன?

இதையே உலகத்தில் பல இடங்களில் ஆராய்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள். 1980ல் கியூபாவிலிருந்து சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் படகில் அமெரிக்காவுக்குப் போனார்கள், பாதிப் பேர் மயாமி நகரத்திலேயே தங்கினார்கள், அந்த ஊரின் உழைப்பாளர் எண்ணிக்கை சில மாதத்தில் ஏழு சதவீதம் ஏறியது. டேவிட் கார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1990ல் கணக்குப் பார்த்து, அங்கே இருந்தவர்களின் கூலியில் பெரிய பாதிப்பு இல்லை என்று எழுதினார். பல வருஷம் கழித்து ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் அதே விவரங்களை வேறு விதமாகப் பிரித்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி நன்றாகவே விழுந்தது என்றார். அவர் எடுத்துக்கொண்ட ஆட்கள் மிகக் கொஞ்சம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் பட்டது ஒன்றுதான்: ஊர் சராசரியை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், ஆனால் அந்தச் சராசரிக்குள் என் அம்மா மாதிரி ஒரு சிறு கூட்டம் அடிபட்டுக் கிடக்கலாம். அதனால் "புள்ளிவிவரப்படி பாதிப்பு இல்லை" என்று சொல்லி யாரும் அவர்கள் வாயை அடைக்கக் கூடாது.

சரி, வலி உண்மை. தடை போட்டால் வலி தீருமா? முதல் தடங்கல் சட்டம். இந்தியக் குடிமகன் எந்த ஊருக்கும் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது, ஊராட்சித் தீர்மானம் அதை மீற முடியாது. மீறி "ஊர்க்கட்டுப்பாடு" என்று போட்டால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வருவார்கள், அத்தோடு தீர்மானமும் போகும், நம் மீதான மரியாதையும் போகும்.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011ல் 7,35,394. தமிழ்நாடு முழுக்க 15 சதவீதத்துக்கு மேல் கூடிய அதே பத்து வருஷத்தில் நம் மாவட்டத்தில் குறைந்திருக்கிறது. போனவர்கள் யார்? நம் பிள்ளைகள்தான். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். என் தம்பியே திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒடிசாக்காரர்கள் பக்கத்தில் நின்று தைக்கிறான், அங்கே அவனும் வெளியாள்தான். அவன் கொழுந்து பறிக்கத் திரும்பி வருவானா என்று ஒருமுறை அம்மா கேட்டதற்கு, காலையில் காட்டெருமைக்குப் பயந்து தோட்டத்துக்குள் இறங்கி, மழையில் நனைந்து, கிலோக் கணக்குக்கு நிற்க முடியாது என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேரட் தோட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு விடியும் முன்னால் போக வேண்டுமென்றால் நடுராத்திரியில் ஜீப் ஏறிப் போய்ப் பிடுங்க ஆள் வேண்டும், உள்ளூரில் எத்தனை பேர் வருகிறார்கள்?

ஆளை நிறுத்தினால் கூலி தானாக ஏறும் என்று நினைக்கிறவர்கள் அமெரிக்காவில் 1964ல் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மெக்சிகோவிலிருந்து பருவ வேலைக்கு ஆள் கொண்டுவர 'பிராசெரோ' என்று ஒரு ஏற்பாடு 1942லிருந்து இருந்தது. உள்ளூர் விவசாயக் கூலி இதனால்தான் ஏறவில்லை என்று சொல்லி 1964 கடைசியில் அதை மூடினார்கள். பின்னால் மூன்று ஆய்வாளர்கள் மாகாணவாரியாகக் கூலிக் கணக்கை எடுத்துப் பார்த்து 2018ல் வெளியிட்டார்கள். மெக்சிகோக்காரர்கள் நிறைய இருந்த மாகாணங்களிலும் அவர்களே இல்லாத மாகாணங்களிலும் கூலி ஒரே மாதிரிதான் ஏறியிருந்தது. நிறுத்தியதால் தனியாக எதுவும் கூடவில்லை. முதலாளிகள் எந்திரத்துக்குப் போனார்கள், எந்திரம் தொட முடியாத பயிரைக் கைவிட்டார்கள். கலிபோர்னியாவில் தக்காளி பறிக்கும் எந்திரமும், அதன் அடிக்குத் தாங்குகிற தக்காளி ரகமும் தயாராக இருந்தன, சில வருஷத்திலேயே பதப்படுத்துகிற தக்காளி கிட்டத்தட்ட முழுக்க எந்திரத்துக்குப் போய்விட்டது.

நம் மலையில் அந்த எந்திரம் ஏற்கெனவே வந்துவிட்டது. இலை வெட்டுகிற கத்திரி வந்து வருஷங்கள் ஆயின, இப்போது தோளில் மாட்டுகிற மெஷின், இரண்டு பேர் பிடித்துப் போகிற மெஷின் என்று சின்னத் தோட்டம் வரை வந்தாயிற்று. வெளியாளை நிறுத்திய அடுத்த மாதமே வசதி உள்ளவர்கள் மெஷினுக்கு முன்பணம் கட்டுவார்கள், வசதி இல்லாதவர்கள் தோட்டத்தைக் காட்டேஜ் கட்டுகிறவர்களுக்கு விற்பார்கள். அந்த இரண்டிலும் அம்மாவுக்கு வேலை இல்லை.

1964 என்றதும் எங்கள் வீட்டில் ஞாபகம் வருவது அந்த வருஷம் அக்டோபர் 30ல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்தான். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்ட, அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசுவது என்று பங்கு போட்டார்கள். எங்கள் அம்மாயியும் தாத்தாவும் ஹட்டன் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களைக் "கள்ளத்தோணி" என்று கூப்பிட்ட காலம் அது. உள்ளூர்க்காரன் வேலையையும் நிலத்தையும் தின்கிறார்கள் என்ற அதே வாசகம் அங்கே சிங்களத்தில் ஒலித்தது. 1973ல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, சமவெளியில் வியாபாரக் கடன் என்று கொடுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒரே தொழிலான தேயிலையைத் தேடி மலையேறி வந்தார்கள். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தாயகம் திரும்பியோருக்காகவே தொடங்கியிருந்தாலும் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை, எங்கள் ஆட்களுக்கும் கிடைக்கவில்லை.

இங்கே வந்ததும் அவர்கள் பெயர் "சிலோன்காரங்க". அம்மாயி ஒளிக்காமல் சொல்வார்: இங்கே அப்போது இருந்த கூலியை விடக் குறைவாகத்தான் ஒத்துக்கொண்டோம். ரேஷன் கார்டு இல்லை, வீட்டுக்குப் பட்டா இல்லை, யாரையும் தெரியாது, மேஸ்திரி கொடுத்த முன்பணம் வேறு தலைமேல். எதிர்த்து எப்படிக் கேட்பது? 1980களில் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போன தாயகம் திரும்பியோர் பலர் அந்த முன்பணத்துக்காகவே கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டார்கள். பிறகு கார்டு வந்தது, ஓட்டு வந்தது, சங்கம் வந்தது, நாங்களும் கேட்க ஆரம்பித்தோம். இன்றைக்கு அதே லைனில் இருந்துகொண்டு வெளியாள் வேண்டாம் என்று நான் கை தூக்கினால் அம்மாயி ஆத்மா மன்னிக்காது. ஆனால் உணர்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் கேட்க முடியாத நிலையில் இருந்தால்தான் பழையவர் கூலியும் அமுங்குகிறது. எங்கள் குடும்பம் அந்த இரண்டு நிலையிலும் இருந்து பார்த்துவிட்டது. மற்ற யோசனைகளை எல்லாம் நான் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் எடை போடுகிறேன்: வந்தவர் கேட்கிற சக்தியை இது கூட்டுமா, குறைக்குமா?

முக்கால் பங்கு ஒதுக்கீட்டை வேகமாகப் பார்த்துவிடலாம். ஹரியானாவில் மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று 2020ல் சட்டம் போட்டார்கள், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மசோதாவை எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். இங்கும் 2021 தேர்தலில் 75 சதவீதம் என்ற வாக்குறுதி வந்தது. ஹரியானா சட்டமே பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்துக்குத்தான், மூன்று பேரை வைத்து இலை பறிக்கிற என்னிடம் முக்கால் பங்கு என்றால் எப்படி எண்ணுவது? அதை விட முக்கியம், இந்த மலையில் உள்ளூர்க்காரர் யார்? படுகர் ஊரில் ஒரு பதில், எங்கள் லைனில் ஒரு பதில், கூடலூரில் மலையாளம் பேசுகிறவர்களிடம் இன்னொரு பதில். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் வாயைத் திறந்தால் நம் எல்லாருக்கும் அதே கேள்விதான். ஒதுக்கீடு என்று ஆரம்பித்தால் பட்டியல் போடுகிறபோதே ஊர் நாலாகும். அரசு வேலையில், மத்திய அரசு நிறுவனங்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு உரிய இடம் கேட்பது வேறு விஷயம், அதற்கு நான் எப்போதும் ஆதரவு. கொழுந்துக் கூடைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

பாஸ், பதிவு. 2024 மே 7லிருந்து சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறதே, வேலைக்கு வருகிறவர்களுக்கும் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள். வண்டிக்கு இ-பாஸ் கேட்டது இந்த மலை எவ்வளவு வண்டி தாங்கும் என்று பார்க்க. மனிதர் பிழைக்க வருவது அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. மண் சரிந்து ஷெட் விழுந்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் நிற்பது ஊருக்கே அவமானம். கேள்வி என்னவென்றால், பதிவு செய்கிற பொறுப்பு யாருக்கு, அந்தக் காகிதம் யார் கையில் இருக்கும்?

எங்கள் பெரியம்மா மகன் சவூதியில் நாலு வருஷம் இருந்தான். பாஸ்போர்ட் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கையில். சம்பளம் மூன்று மாதம் வராதபோதும் வேறு இடத்துக்குப் போக முடியவில்லை, ஏனென்றால் விசா அந்த முதலாளி பெயரில். அமெரிக்காவில் பண்ணை வேலைக்குக் கொடுக்கிற பருவ விசாவும் ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவதுதான். இங்கே நம் மலையிலும் மேஸ்திரிகள் ஆதாரை வாங்கி வைத்துக்கொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாஸ் முறை வந்தால் அந்தப் பழக்கத்துக்கு ஊராட்சி முத்திரை குத்தியது போல ஆகிவிடும். ஆளைப் பதிவு செய்வதற்குப் பதிலாக, வைக்கிறவர் வந்து பதிய வேண்டும்: நான் இன்னாரை இன்ன கூலிக்கு இன்ன வீட்டில் தங்க வைத்திருக்கிறேன் என்று. ஆதார் அவரவர் பையில் இருக்கட்டும். அப்படியானால் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று, "வங்கதேசத்துக்காரர்கள் கலந்து வருகிறார்கள்" என்ற பேச்சு. வெளிநாட்டவர் விஷயத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 2025ல் புதிதாகவே போட்டிருக்கிறார்கள், அதைப் பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அஸ்ஸாமிலிருந்து வந்து பெங்காலி பேசுகிற ஒரு குடும்பத்தைப் பேச்சை வைத்துச் சந்தேகிக்க நமக்கு என்ன உரிமை? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துவிட்டுப் போனது நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் ஊர் ஷெட்டில் இருந்தவர்கள் இரண்டு நாள் வெளியே வரவே இல்லை. அவர்கள் பயந்த அந்த இரண்டு நாளும் கேரட் மண்ணிலேயே கிடந்தது, இலை முற்றிப்போனது.

தலைக்குக் கட்டணம் என்பது சிங்கப்பூரைப் பார்த்துச் சொல்வது. அங்கே வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி மாதாமாதம் அரசுக்கு வரி கட்டுகிறார், கம்பெனிக்கு இத்தனை பேர்தான் என்று எல்லையும் உண்டு. அது நாடு, குடிவரவு அதன் கையில். ஊராட்சிக்கு அந்த அதிகாரமும் இல்லை, வசூலிக்க ஆளும் இல்லை. வசூலித்தாலும் அந்தப் பணம் கடைசியில் அவர்கள் கூலியிலிருந்துதான் பிடிக்கப்படும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: இன்னும் ஐந்து வருஷம் இப்படியே போனால், ஊரில் ஒரு கை கலப்பு நடக்காது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

மீதி இருப்பது ஒரே கூலி. இது புதிதாக யாரோ கண்டுபிடித்தது இல்லை. 1979ல் வந்த மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டத்திலேயே, அதே வேலையைச் செய்கிற உள்ளூர்த் தொழிலாளியை விடக் குறைவாக வெளி மாநிலத் தொழிலாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வைத்திருக்கிற இடத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும்தான் அந்தச் சட்டம். பிறகு 2020ல் எல்லாவற்றையும் சேர்த்துத் தொகுத்த புதிய சட்டத்தில் ஐந்து என்பது பத்தாகியது, 2025 நவம்பர் 21லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. தாமாகவே வேலை தேடி வருகிறவர்களையும் புலம்பெயர் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது அதில் நல்ல விஷயம். ஆனால் நம் மலையில் பத்து ஆள் வைக்கிற சிறு விவசாயி எத்தனை பேர்? மூன்று ஆள், நாலு ஆள், அதுவும் நாளுக்கு ஒரு தோட்டம். குறைந்தபட்சக் கூலி எல்லாருக்கும் பொருந்தும், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அரை ஏக்கர் தோட்டத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? பெரிய எஸ்டேட்டுக்குத் தோட்டத் தொழிலாளருக்கான சட்ட விதிகள், சங்கம், ஆபீஸ் என்று ஏதாவது இருக்கிறது. சின்னத் தோட்டத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஓட்டையை அடைக்க ஊரால் முடியும்.

எப்படி என்று நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். இலை பறிக்கக் கிலோ ரேட் எவ்வளவு, நாள் கூலி எவ்வளவு, கவாத்து வெட்ட எவ்வளவு, கேரட் பிடுங்க எவ்வளவு என்று பருவத்துக்கு ஒருமுறை கிராம சபையில் பேசி, அரசு அறிவித்ததற்குக் குறையாமல் ஒரு ரேட் வைத்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதிப் போட வேண்டும். ஆளைக் கொண்டுவருகிற மேஸ்திரிக்குக் கமிஷன் தனியாகக் கொடுக்கட்டும், தொழிலாளி கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது. போன வருஷம் வரை என் தோட்டத்தில் நடந்தது என்னவென்றால், நான் மேஸ்திரியிடம் கொடுத்த கிலோ ரேட் அம்மா வாங்குகிற அதே ரேட்தான், ஆனால் அந்த ஜார்க்கண்ட் குடும்பத்தின் கைக்குப் போனது அதில் குறைந்துதான். இது எனக்கே போன வருஷம்தான் தெரியும், அவர்களிடம் நேரே கேட்டபோது. அன்றிலிருந்து நான் கையில் கொடுக்கிறேன். மேஸ்திரிக்கு என் மேல் கோபம்.

கூடவே ஒன்று சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்னத் தோட்டக்காரர்கள் ஆள் வேண்டுமென்றால் முந்தின நாள் மத்தியானத்துக்குள் ஊர் மகளிர் குழுவுக்குச் சொல்லட்டும், வருகிறவர்கள் வரட்டும், சாயங்காலம் வரை ஆள் சேரவில்லை என்றால் ஜீப்புக்கு போன் போடட்டும். இதற்குச் சட்டம் தேவையில்லை, யாரையும் விலக்கவும் இல்லை, ஆனால் அம்மா மாதிரி ஆட்களைக் கூப்பிடாமலேயே வேலை முடிந்துபோகிற நிலை மாறும். கத்தாரில் 2021 மார்ச் முதல் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சம் என்று வைத்தார்கள், முதலாளி அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்று அதற்கு முந்தின வருஷமே சட்டம் போட்டார்கள். அங்கே நடைமுறையில் குறைகள் நிறைய இருப்பதாக இன்னும் புகார் வருகிறது. ஆனாலும் கூலியின் அடிமட்டத்தையும் வேலை மாறுகிற உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது சரியான திசை. நம் ஊரில் இரண்டாவது ஏற்கெனவே இருக்கிறது, இந்தியக் குடிமக்கள் என்பதால். 2020 அக்டோபரிலிருந்து அவர்கள் ஊர் ரேஷன் கார்டைக் காட்டி இங்கேயே அரிசி வாங்கலாம் என்பதும் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது, மேஸ்திரி கடையில் கடனுக்கு வாங்குகிறார்கள். கடன் இல்லாதவர்தான் "இந்தக் கூலி போதாது" என்று சொல்வார். அவர் சொன்னால் அம்மாவும் பக்கத்தில் நின்று சொல்லலாம்.

இதற்கு இரண்டு எதிர்ப்பு வரும், இரண்டும் கனமானவை. ஒன்று, ஒரே கூலி என்றால் யார் அவர்களை வைப்பார்கள், இதுவும் ஒரு வகைத் தடைதானே என்பது. ஆள் நிரம்பி வழிகிற ஊராக இருந்தால் அது சரி. இங்கே ஆள் போதாமல்தான் கூப்பிடுகிறோம், கூலி ஒன்றானாலும் ஆள் தேவை குறையாது. இரண்டாவது எதிர்ப்பு சிறு விவசாயியிடமிருந்து, அதாவது என்னிடமிருந்தே: கொடுக்க எங்கே இருக்கிறது? பசுந்தேயிலைக்கு வருகிற விலையில் பறிகூலி, உரம், வண்டி போக மிஞ்சுவது என்ன என்று ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்க்கிறேன், சில மாதம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. 2023ல் கோத்தகிரி பக்கம் விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தது இந்த விலைக்காகத்தான். இலைக்கு விலை ஏறாமல் கூலி மட்டும் ஏறினால் என்னைப் போன்றவர்கள் தோட்டத்தைத் தரிசாகப் போட வேண்டி வரும், இதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் தீர்மானத்தில் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறேன்: கீழே கூலிக்கு அடிமட்டம், மேலே இலைக்கு அடிமட்டம். விலைக்குப் போராட நாங்கள் ரோட்டில் உட்காரும்போது கூலிக்காரர்களும் கூட வந்து உட்காருவார்கள், அவர்களுக்கு அதில் பங்கு இருக்கிறது என்று தெரிந்தால். இன்றைக்கு அவர்கள் வருவதில்லை, ஏன் வருவார்கள்?

எனவே நான் கை தூக்கப் போவது ஒரே கூலிக்கு, அதோடு வைக்கிறவர் செய்கிற பதிவுக்கு. தடைக்கும் ஒதுக்கீட்டுக்கும் பாஸுக்கும் தூக்க மாட்டேன். தீர்மான வாசகத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம், திருத்தச் சொன்னால் திருத்துகிறேன். கூட்டத்தை மட்டும் காலை பத்து மணிக்கு வைக்காமல் சாயங்காலம் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மே தினம் என்றாலும் கிலோக் கணக்கில் பறிக்கிறவர்களுக்கு அன்றைக்கும் வேலைதான், அவர்கள் இல்லாமல் அவர்கள் கூலியைப் பேசுவது சரியில்லை.

அம்மா வருகிறார். அந்த ஜார்க்கண்ட் குடும்பத்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு இந்த ஊரில் ஓட்டு இல்லை, கை தூக்க முடியாது. அவள் பேசக் கூடாது என்று யாராவது சொன்னால், போன வருஷம் மேஸ்திரி பிடித்துக்கொண்ட கணக்கை அம்மாவே எழுந்து வாசிப்பார். இருவரும் சேர்ந்து அதை என் பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.